சரிதானே என்று கேட்ட வரி

காலையில் எனக்கு முன்பே என் பயம் எழுந்து பல் விளக்கிவிடும். வீட்டிலும் அப்படித்தான் கேலி பண்ணுவார்கள். இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த வருடங்களில் நான் பார்த்த வேலையோ, பயப்படுகிறவர்களுக்கென்றே யாரோ கண்டுபிடித்த வேலை.

பதுளை பஸ் நிலையத்துக்குக் கிட்ட, ஒரு துணிக்கடை மாடியில் சின்னக் கம்ப்யூட்டர் கம்பனி. புரோகிராம் எழுதுகிறவர் யாழ்ப்பாணத்துக்காரர். எல்லோருக்கும் அவர் ‘சேர்’. ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிற நான், அவருடைய புரோகிராம்கள் மனிதர்களோடு பேசுவதற்கான தமிழை எழுதிக்கொடுத்தேன். ‘பெயரை எழுதவும்’, ‘சேமிக்கப்பட்டது’, ‘பிழை ஏற்பட்டது, மீண்டும் முயலவும்’ என்று திரையில் வருகிறதே, அந்த வாக்கியங்கள்.

சேர் அவற்றைப் புரோகிராமுக்குள் வைக்கமாட்டார். சிங்களத்துக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று என்று தனித்தனிக் கோப்பு. ஒவ்வொரு வரியிலும் இடது பக்கம் ஆங்கிலத்தில் ஓர் அடையாளப் பெயர், நடுவில் சமக்குறி, வலது பக்கம் வாக்கியம். புரோகிராம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். எந்த மொழியைத் தெரிவு செய்திருக்கிறதோ அந்த மொழி வாக்கியம் எழுந்து வரும். நான் ஒரு வரியை விட்டுவிட்டால், தமிழ்த் திரைக்கு நடுவில் ஆங்கிலம் வந்து குந்திக்கொள்ளும். நோயாளியின் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு நெளிவு அடைப்புக்குறி இருக்கும். அதைத் தவறி அழித்தால் ஆளின் பெயரே காணாமல் போய்விடும். இவற்றை நினைத்தே ஒவ்வொரு கோப்பையும் மூன்று தடவை பார்ப்பேன்.

அதைவிடப் பெரிய தொல்லை, வாக்கியங்கள் கோப்பில் தனித்தனியாக நிற்கும். எந்தத் திரையில், யார் முன்னால், எதற்குப் பிறகு வரும் என்று தெரியாது. கல்யாண வீட்டில் தொலைந்த பிள்ளையை வைத்துக்கொண்டு ‘இது யாருடையது’ என்று கேட்டுத் திரிகிற மாதிரி நான் சேரிடம் ஓடிக்கொண்டே இருப்பேன். அவரும் பாவம், பொறுமையாகத்தான் சொல்லுவார்.

அந்தச் சமயம் டவுனில் ஒரு தனியார் கண் கிளினிக்குக்கு நோயாளிகளைப் பதியும் புரோகிராம் செய்தோம். பதிகிற மேசையில் இருந்த நர்ஸ் மிஸ் சிங்களவர். தமிழ் கொஞ்சம் பேசுவார், வாசிக்க வராது. அதனால் தமிழ் ஆட்கள் வந்தால் திரையை அவர்கள் பக்கம் திருப்பிவிடுவார். அவர்கள் வாசித்து ஆம், இல்லை என்று சொல்ல, மிஸ் அதை அழுத்துவார். முதலில் சீனி வருத்தம் என்கிற சர்க்கரை நோய், பிரஷர், ஒத்துக்கொள்ளாத மருந்து என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்கிற மாதிரித்தான் எழுதியிருந்தோம். நேரம் போகிறது என்று கிளினிக்கில் முணுமுணுத்தார்கள். சேர் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டார். நோயாளியின் பெயர், அதன் பிறகு ‘உங்களுக்குச் சீனி வருத்தம், பிரஷர், ஒத்துக்கொள்ளாத மருந்து அல்லது ஊசி எதுவும் இல்லை. சரிதானே?’

“சேர், முந்தி மாதிரித் தனித்தனியாக் கேட்டா என்ன?” என்றேன்.

“ஏன் பிள்ளை? ஏதும் இருந்தால் சரியில்லை எண்டு சொல்லுவினம்தானே. நீர் எல்லாத்துக்கும் பயப்பிடுறீர்.”

அது உண்மைதான். நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள். அதில் ஒரு சங்கடம் உண்டு. எந்தப் பயம் வெறும் பயம், எந்தப் பயத்தில் விஷயம் இருக்கிறது என்று பிரித்துச் சொல்ல எனக்கே தெரியாது. வாயை மூடிக்கொண்டு வரியை எழுதிக்கொடுத்தேன்.

புரோகிராம் ஓடத் தொடங்கிய முதல் நாள்தான் அம்மாவுக்கும் அதே கிளினிக்கில் கண் ஆபரேசன். கொழுந்து பறிப்பதை விட்டு ஓய்ந்திருந்த அம்மாவின் வலது கண்ணில் புரை. கண்ணைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, ஊசியைப் பற்றித்தான். நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில், தோட்டத்து டிஸ்பென்சரியில் போட்ட ஓர் ஊசியில் அம்மாவின் முகம் வீங்கி, தொண்டை அடைத்து, கொழுந்து லொறியில் போட்டுப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். இனி அந்த ஊசி போட்டால் ஆளைக் காப்பாற்ற முடியாது என்று அங்கே டொக்டர் சொன்னார். அதை மறக்கிறவளா நான்?

“ஊசி ஒத்துக்காதுன்னு மறக்காம சொல்லிரும்மா.”

“சொல்றேன்டி. எத்தன தடவ சொல்லுவ?”

அம்மாவைக் கிளினிக் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வந்தேன். முதல் நாள் என்பதால் போனுக்குப் பக்கத்தில் நான் இருக்கவேண்டும் என்று சேர் சொல்லியிருந்தார். போன் வந்ததும் நான்தான் எடுத்தேன். என்னைச் சிங்களத்தில் ‘நங்கி’, தங்கச்சி, என்று கூப்பிடுகிற நர்ஸ் மிஸ்.

“நங்கி, ஒங்க புரோகிராம் ரொம்ப நல்லம். தோட்டத்து ஆக்கள் எல்லாம் டக் டக்குன்னு முடிக்கிறாங்க. ஒருத்தர்கூட இல்லைன்னு சொல்றது இல்ல.”

சேரிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு மலரவில்லை.

நான் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், லயத்தில் பிறந்தவள். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். அந்த மலைக்குப் போறியா என்று கேட்டால் ஆமாங்க. நேற்றுக் கொழுந்து குறைச்சல்தானே என்றாலும் ஆமாங்க. இல்லைங்க என்று சொன்னால் அன்றைக்கு வேலை இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் யாராக இருந்தாலும், டிஸ்பென்சரியிலும் அரசாங்கக் கச்சேரியிலும் பள்ளிக்கூடத்திலும், எங்கள் ஆட்களுக்கு வாயில் வருவது அந்த ஒரு சொல்தான். ‘சரிதானே’ என்று மேசையிலிருந்து ஒன்று கேட்டால், சரியில்லை என்று யார் சொல்லப் போகிறார்கள்? சேர் பெரட்டில் நின்றதில்லை. அவருக்கு எப்படித் தெரியும்?

“சேர், அம்மா!” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கி ஓடினேன்.

கடைத்தெருவில் ஒரே சனம். மரக்கறிக் கூடையில் இடித்தேன், திட்டு வாங்கினேன், நிற்கவில்லை. கிளினிக்குக்குப் போனால் பெஞ்சில் அம்மா இல்லை. அம்மாவின் செருப்பு மட்டும் பெஞ்சுக்குக் கீழே கிடந்தது. எனக்கு உயிர் போய் வந்தது.

“உள்ள கூட்டிட்டுப் போய்ட்டாங்க, நங்கி” என்றார் மிஸ். திரையில் அம்மாவின் பெயர். அதன் கீழே என்னுடைய தமிழில், ஒத்துக்கொள்ளாத மருந்து: இல்லை.

சிங்களத்தில் தொடங்கித் தமிழில் கத்தினேன். என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது. ஊசி என்ற சொல் மட்டும் மிஸ்ஸுக்கு விளங்கியிருக்கவேண்டும், கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார். கதவு மூடிக்கொண்டது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கும்பிடுகிற சாமிகளின் பெயர்கூட ஒழுங்காக வாயில் வரவில்லை.

டொக்டர் வெளியே வந்தார். ஊசியில் மருந்து ஏற்றியாகிவிட்டதாம், போடவில்லையாம். வேறு மருந்து பார்க்கலாம், பின்னேரம் செய்யலாம் என்றார். அதற்குள் சேரும் மூச்சு வாங்க வந்து சேர்ந்திருந்தார். டொக்டர் சொன்னதைக் கேட்டார், திரையில் அம்மாவின் பெயருக்குக் கீழே இருந்த ‘இல்லை’யையும் பார்த்தார். கதிரையை இழுத்துப்போட்டு மிஸ்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காத்திருந்த தோட்டத்து ஆட்களை மறுபடி கூப்பிட்டு, ஒவ்வொரு வருத்தமாகத் தன் வாயாலேயே கேட்கத் தொடங்கினார். அவர் மேலிருந்த கோபம் அப்போது பாதி போனது. மீதி இன்னும் இருக்கிறது.

அம்மா தலையில் பச்சைத் துணித் தொப்பியோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். பயமெல்லாம் கோபமாகத் திரும்பியிருந்தது.

“ஊசி ஒத்துக்காததப் பத்தி அந்தத் திரையில இருந்துச்சா இல்லியா?”

“இருந்துச்சே. வாசிச்சேன்.”

“அப்பறம் எதுக்கும்மா ஆமாங்கன்ன? ஆபீஸ்காரங்கன்னா பயமா?”

“பயமா? எனக்கென்ன பயம்? சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அந்த மிஸ்ஸு, இதெல்லாம் ஒங்க மக எழுதுனதுன்னாங்க. ஒனக்குத்தான் அந்த ஊசி வெவரம் எல்லாம் தெரியுமே, தெரிஞ்சுதானே எழுதியிருப்பன்னு நெனச்சேன்.” அம்மா தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். “நீ எழுதுனத நான் எப்புடிடீ இல்லன்னு சொல்றது?”

அத்தனை பேருக்கு முன்னால் நான் அழுதுவிட்டேன்.

“கண்ணு ஆபரேசன் எனக்குடி” என்றாள் அம்மா, “நீ எதுக்கு அழுவுற?”