தொண்ணூறாம் ஆண்டு பிரேக்

இன்று ஒரு கராஜைக் கடக்கையில் மூக்கில் ஏறிய பிரேக் ஓயில் மணம், செவன் கிங்ஸ் பகுதியில் இப்போது அடுக்குமாடி நிற்கிற இடத்தில் இருபது வருடத்துக்கு முன்பிருந்த, மழைத்தண்ணீரும் துருநிறமாய்த் தேங்கும் பழைய கார்களை உடைத்துப் பாகங்கள் விற்கும் முற்றத்துக்கு என்னைக் கொண்டுபோனது. அப்பாவின் எண்பத்தாறாம் ஆண்டு ஸ்போர்ட்ஸ் காருக்குத் தொண்ணூறாம் ஆண்டுக் காரின் பிரேக் டிஸ்க்கைக் கழற்றித் தந்த கடைக்காரர், "எல்லா வருசத்துக்கும் ஒண்டுதான் அண்ணை" என்றார். அப்பா பழையதன்மேல் அதை வைத்து, துளைகளுக்குள்ளால் வெளிச்சம் பார்த்து, என் பள்ளி அடிமட்டத்தால் தடிப்பை மூன்று தரம் அளந்து, அப்படியும் முகம் தெளியாமலே வாங்கினார்.

அதைக் காரில் பூட்டியபின் முதற்பயணம் கோயிலுக்கு. நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்துக் கும்பிட்ட அம்மா, காரில் ஏறாமல் என்னை இழுத்துக்கொண்டு பஸ் தரிப்புக்கு நடந்தார். "பொருந்துமெண்டு சொல்லுறன்தானே, வந்து காரிலை ஏறுங்கோ!" என்று பின்னாலேயே கத்திக்கொண்டு வந்த அப்பா, பஸ் வந்ததும் எங்களுக்கு முன்னே ஏறி உட்கார்ந்தார்.