ஆர்டர் துண்டு துண்டாய்த்தான் வரும்

அனுப்புகிறவர்களுக்கு அனுப்பியதோடு வேலை முடிந்தது, வாங்குகிறவர்களுக்குத்தான் தலைவலி. சாக்கெட் வழியாக, அதாவது இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் வாசல் வழியாக, டேட்டா வாங்குகிற புரோகிராம் எழுதிப் பிழைக்கிற எல்லாருக்கும் இது தெரியும். பயிற்சி முடிந்தால் வேலை நிரந்தரமாகுமா ஆகாதா என்று நகம் கடித்துக்கொண்டிருக்கும் என் கூட்டாளிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சும்மா படிக்கலாம்.

பிளஸ் டூ முடித்தேன். மார்க் வெளியே சொல்கிற மாதிரி இல்லை. காலேஜ் போகவும் ஆசை இல்லை. தென்காசியில் பாத்திரக் கடை மாடியில் இருக்கும் ஒரு கம்பெனி, பிளஸ் டூ பிள்ளைகளை எடுத்து மெயின்ஃப்ரேம் வேலை பழக்குகிறது. மெயின்ஃப்ரேம் என்றால் பெரிய கம்பெனிகள் இன்னும் விடாமல் வைத்திருக்கும் ராட்சசக் கம்ப்யூட்டர். அதற்கு அசெம்ப்ளரில் எழுத வேண்டும். அந்த மொழியில் மெஷினுக்கு ஒவ்வொரு அடியையும் நாம்தான் சொல்ல வேண்டும். தானாக அதற்கு ஒன்றும் தோன்றாது.

பயிற்சி முடிவதற்குள் நாம் எழுதிய ஒரு புரோகிராமாவது வாடிக்கையாளரிடம் நிஜமாக ஓட வேண்டும். ஓடினால் நிரந்தரம், ஓடாவிட்டால் வீடு. வீட்டில் என் அப்பா குற்றாலம் ஸ்டேஷன் ஏட்டு. வேலை நிலைக்காவிட்டால் மறுநாளே போலீஸ் தேர்வுக்கு மைதானத்தில் ஓட வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஷூ கூட வாங்கி வைத்தாயிற்று. எனக்கு ஓடவே பிடிக்காது.

என்ன வேலை?

இலத்தூரில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணாச்சி ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று ஒரு நாள் நிறுத்தி வைத்துக் கேட்டார். வெளிநாட்டில் மருந்துக் கடைகள் ஆர்டர் போடும், அது நெட்வொர்க் வழியாக ஒரு பெரிய மெஷினுக்கு வரும், வருவதைச் சிந்தாமல் வாங்கி வைப்பது என் புரோகிராம் என்று பொறுமையாகவே சொன்னேன். எனக்குப் பொறுமை வருவதே அபூர்வம். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கடைசியில், "அதெல்லாம் இருக்கட்டும்ட்டி, நீ மாத்திரை விக்கியா, விக்கலியா? அதைச் சொல்லு" என்றார்.

வாசிக்க முடியாத எழுத்து

மருந்து விற்கும் அந்த வாடிக்கையாளர் கம்பெனிக்குக் கொச்சியில் ஒரு ஆபீஸ் உண்டு. ஆர்டரை அனுப்புகிற புரோகிராமை அங்கே பார்த்துக்கொள்பவர் லீனா சேச்சி. சொந்த ஊர் புனலூர். செங்கோட்டையில் உறவுக்காரர்கள் இருப்பதால் மலையாளம் கலந்த தமிழ் பேசுவார். முதல் சோதனைக்கு அவர் அனுப்பியது என் திரையில் பூச்சி ஊர்ந்த மாதிரி வந்து விழுந்தது. போனைப் போட்டு, அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை பார்க்க மாட்டீர்களா என்று கேட்டேவிட்டேன்.

பக்கத்து சீட்டு இசக்கி தலையில் அடித்துக்கொண்டான். மற்ற கம்ப்யூட்டர்கள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் வைத்திருக்கின்றன. மெயின்ஃப்ரேம் அதே எழுத்துக்கு வேறு எண் வைத்திருக்கிறது. வாங்கியவுடன் நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். முதல் வாரமே சொல்லித் தந்த பாடம். சேச்சி கோபப்படவில்லை. "மோளே, நான் அனுப்பியது சரியாணு. உன் மெஷினுக்குத்தான் வாசிக்கத் தெரியலை, அதுகிட்ட போய் சண்டை போடு" என்றார்.

ரெண்டு கடைக்கு ஒரே ஆர்டர்

எழுத்து சரியானதும் சின்னச் சின்ன ஆர்டர்கள் அழகாக வந்தன. பெரிய ஆர்டரில்தான் மாட்டினேன். ஒரு ஆர்டரை முழுதாகத் தர வேண்டும் என்று நெட்வொர்க்குக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. அந்த நேரத்தில் வந்து சேர்ந்ததைக் கையில் திணிக்கும். இத்தனை எழுத்து தந்தேன் என்று ஒரு எண்ணும் சொல்லும். மீதிக்கு நாம் மறுபடி மறுபடி கேட்க வேண்டும். என் புரோகிராம் அந்த எண்ணைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வந்த பாதியை முழுசு என்று நம்பிவிட்டது. மிச்ச இடத்தில் முந்தைய ஆர்டரின் வால் அழியாமல் கிடந்தது.

நல்லவேளை, எல்லாம் சோதனைக்காகப் போட்ட ஆர்டர்கள். குழந்தைகள் ஆஸ்பத்திரி மருந்துக் கடை கேட்ட இருமல் மருந்தோடு, முன்னால் வந்த கடையின் தலைச்சாயமும் சேர்ந்துகொண்டது. டீம் லீடர் மாரியப்பன் அண்ணன் திரையை நிதானமாகப் படித்தார். திட்டினால்கூடப் பரவாயில்லை என்று நின்றேன். "பிள்ளைக்கு இருமலும் நிக்கும், நரையும் போவும். நல்ல ஆஸ்பத்திரிட்டி" என்றார்.

யாரும் இல்லாத லைன்

எல்லாம் வந்து சேரும் வரை கேட்டுக்கொண்டே இரு என்று புரோகிராமை மாற்றினேன். அது சொன்ன பேச்சைக் கேட்டது. அளவுக்கு மீறிக் கேட்டது. அடுத்த சோதனையில் பாதி ஆர்டரோடு அந்தப் பக்கம் லைன் அறுந்தது. அப்போது எண் பூஜ்யம் என்று வரும். இன்னும் வரவில்லை, பொறு என்பது அல்ல அதன் அர்த்தம். எதிராளி எழுந்து போய்விட்டார் என்று அர்த்தம். எனக்கு அது உறைக்கவில்லை. கொடு கொடு என்று என் புரோகிராம் கேட்க, பூஜ்யம் பூஜ்யம் என்று பதில் வர, மெஷின் வேறு வேலை பார்க்க முடியாமல் திணறியது.

வெளிநாட்டில் அந்த மெஷினைக் கவனிக்கும் ஆபரேட்டர்தான் அதை நிறுத்தினார். வீடியோ கூட்டத்தில் எங்கள் மேனேஜர் முகம் சுண்டிவிட்டது. வெள்ளிக்கிழமை நிஜ ஆர்டரோடு ஓட வேண்டும், இல்லையென்றால் புரோகிராம் இசக்கிக்குப் போகும், நான் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். ஆபரேட்டர் மட்டும் சிரித்த முகமாகச் சொன்னார்: "உங்கள் புரோகிராம் வெகுநேரம் ஒரு காலி நாற்காலியோடு பேசிக்கொண்டிருந்தது. நான்தான் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன்."

யாரும் கேட்காத உதவி

அந்தப் புதன்கிழமை நல்ல சாரல். மத்தியானம் பாதி ஆபீஸ் ஐந்தருவிக்குக் கிளம்பிவிட்டது. நான் போகவில்லை. பூஜ்யத்தைச் சரி செய்துவிட்டேன், எல்லாம் ஓடியது, ஆனாலும் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது லீனா சேச்சி கூப்பிட்டார். என் புரோகிராமைப் பாடுபடுத்துவதற்கென்றே அவர் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தார். அது ஒவ்வொரு எழுத்தாக அனுப்பும். நடுவில் நிறுத்தும். இரண்டு ஆர்டரை ஒட்டி அனுப்பும். திடீரென்று லைனை அறுக்கும்.

அனுப்பிய முதல் எழுத்திலேயே என் புரோகிராம் சாய்ந்தது. ஒவ்வொரு ஆர்டருக்கும் முன்னால் அதன் நீளம் நான்கு பைட்டில் வரும். பைட் என்றால் ஒரு எழுத்து அளவு இடம். மற்றதெல்லாம் துண்டாக வரும், இந்த நான்கு மட்டும் ஒன்றாக வரும் என்று நான் நம்பியிருந்தேன். வெள்ளிக்கிழமை அது நிஜ ஆர்டரில் நடந்திருந்தால் சனிக்கிழமை மைதானம்தான்.

திருத்தத் திருத்த அவர் திரும்பத் திரும்ப அனுப்பினார். தன் வேலையை ஓரமாக வைத்துவிட்டு சாயங்காலம் வரை கூடவே இருந்தார். வாடிக்கையாளர் நம்மைக் குறை சொல்லத்தான் இருக்கிறார் என்று நினைத்திருந்தேன். உங்களுக்கு ஏன் இந்த வேலை என்று பட்டென்று கேட்டேன். "வெள்ளிக்கிழமை நெட்வொர்க் உன்னை அடிக்கும் மோளே. அதுக்கு முந்தி நான் அடிச்சா உனக்கு வேலை நிலைக்குமே" என்றார்.

வெள்ளிக்கிழமை

ஒன்றும் நடக்கவில்லை. இதைவிட நல்ல செய்தி எங்கள் தொழிலில் கிடையாது. ஆர்டர்கள் துண்டு துண்டாக வந்தன, முழுசு முழுசாக உள்ளே போயின. ஐடி கார்டு அடிக்க திங்கட்கிழமை போட்டோ கொண்டு வா என்றார் மேனேஜர். இசக்கி எனக்கும் சேர்த்து டீ சொன்னான்.

சாயங்காலம் நேராகக் குற்றாலம் போனேன். மெயின் அருவியில் சீசன் கூட்டம். அப்பா தொப்பியெல்லாம் நனைந்து, ஆண்கள் பக்கம் ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தத்தில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. விசிலை வாயில் இருந்து எடுத்தார். சந்தோஷமா கோபமா என்று தெரியாத ஒரு மூஞ்சி அவருக்கு உண்டு, அதோடு பார்த்தார். "இங்கன நான் நாள் பூரா விசில் அடிக்கேன், ஒருத்தன் கேக்க மாட்டேங்கான். உன் பேச்சை ஒரு மெஷினாவது கேக்குதுல்லா. மைதானத்துக்கு வரண்டாம், போ" என்றார்.

அங்கேயே நின்று லீனா சேச்சிக்கு நன்றி என்று அனுப்பினேன். அது முழுதாக வந்து சேர்ந்ததா என்று போன் பண்ணிக் கேட்ட பிறகுதான் நகர முடிந்தது, இந்தத் தொழில் ஆளை அப்படித்தான் ஆக்கிவிடுகிறது.