நுரைக்குள் தேடிய தேனீ

ஊரில் இருக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள். வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி. கீழ்வீட்டுக் கிழவர் ஜென்ஸ் பியர்ப் போத்தலை ஹீற்றருக்கு மேல் வைத்து, பிள்ளைக்குப் பால்சூடு பார்ப்பதுபோல் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். குளிர்ந்தால் இதன் வாசம் எழும்பாதாம். பெயர் இம்பீரியல் ஸ்ரவுட். அந்தக் காலத்தில் ரஷ்யச் சக்கரவர்த்தியின் அரண்மனைக்குக் கப்பலில் போன சரக்கு என்றார். என் அரைகுறை டெனிஷில் விளங்கியது அவ்வளவுதான்.

டென்மார்க்கில் அது எனக்கு முதல் குளிர்காலம். நானும் சிவம் அண்ணையும் மேல்மாடியில் ஓர் அறையில் இருந்தோம். இருவருக்கும் ஊர் யாழ்ப்பாணம்; அண்ணை வலிகாமத்தில் தோட்டம் துரவு உள்ள குடும்பம், நான் தென்மராட்சி. நான்கு மாதமாக ஒரே சட்டியில் சமைத்து, ஒரே கோப்பையில் மாறி மாறித் தேத்தண்ணி குடித்து வந்தோம். தகப்பன் என்ன தொழில் என்று அவர் முதல் கிழமையே கேட்டார். "கமம், வயல் விதைக்கிறவர்" என்றேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதல் பள்ளிக்கூடம் போனவன் நான். பாடத்தோடு சேர்த்து அங்கே படித்துக்கொண்ட பொய் அது.

அந்த ஞாயிறு மத்தியானம் ஜென்ஸ் ஒரு கிளாஸைத் தனக்கும், மற்றதை எங்கள் இருவருக்குமாகவும் நிரப்பினார்.

"உது பிள்ளைப்பெத்த பெண்டுகளுக்கு முட்டை அடிச்சுக் குடுக்கிற சாமானெல்லோ! குடி தம்பி, உடம்பு தேறும்," என்று அண்ணை பகிடி பண்ணினார்.

தார்போல் கறுப்பு, மேலே மண்ணிற நுரை. நான் கிளாஸை வாயருகே கொண்டுபோய், நுரையை ஒரு பக்கமாக ஊதி ஒதுக்கிவிட்டு உள்ளே பார்த்தேன்.

"ஈ விழுந்துவிட்டதா?" ஜென்ஸ் பதறினார்.

"இல்லை, தேனீ இருக்கிறதோ என்று..."

"இந்தப் பனிக்குள்ளா!" கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அண்ணை சிரிக்கவில்லை. "கள்ளே தொட்டதில்லை எண்டு சொன்னனீ. ஆரிட்டைப் பழகினனீ உந்த ஊதல்?"

பனையால் இறக்கிய கள்ளு முட்டியில் தேனீயும் எறும்பும் மிதக்கும். அப்பா ஓலையில் கோலிய பிளாவில் கொஞ்சம் வார்த்து, நுரையை ஊதி, நாக்கில் ஒரு துளி வைத்துப் பதம் பார்ப்பார். எனக்கு ஒருநாளும் தந்ததில்லை. "நீ படிக்கிற பிள்ளை. உன்னிலை மணக்கக்கூடாது" என்பார். பார்த்துப் பார்த்தே என் வாய் பழகியிருக்கிறது.

'பெடியளோடை களவாக் குடிச்சனான்' என்று சொல்லியிருந்தால், அண்ணை முதுகில் தட்டிச் சிரித்திருப்பார். பதில் சொல்லமுன் ஒரு மிடறு குடித்தேன். பனங்கட்டி காய்ச்சும் தாச்சியின் அடியில் கருகிப் பிடித்ததைச் சுரண்டித் தின்பதுபோல் ஓர் இனிப்பு. பின்னால் கசப்பு, அதற்கும் பின்னால் நெஞ்சுக்குள் சூடு. விழுங்கினேன். இது என்ன பதம் என்று அப்பா ஒருவரால்தான் சொல்ல முடியும் என்று தோன்றியது.

"அப்பா கள்ளுச் சீவுறவர், அண்ணை. கமம் எண்டது பொய்."

கிளாஸுக்காக நீட்டிய அவருடைய கை அப்படியே நின்றது.

"எங்கடை ஐயாவுக்கும் ஒராள் கொண்டந்து குடுக்கிறவர்," என்றார் கடைசியில். "படலைக்கு வெளியாலை நிண்டுதான்."

பிறகு கிளாஸை வாங்கி, உதட்டில் படாமல் அண்ணாந்து வார்த்தார். தடித்த ஸ்ரவுட் மூக்கிலும் மீசையிலும் சட்டையிலும் வழிந்தது. அது எங்கள் நாட்டு விளையாட்டு என்று நினைத்து ஜென்ஸ் கைதட்டினார். தானும் அண்ணாந்து ஊற்றித் தன் கம்பளிச் சட்டையை நனைத்துக்கொண்டார்.

அண்ணை மீசையைத் துடைத்தார். கிளாஸைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மிடற்றை வாய்வைத்துக் குடித்தார்.

"இனிக்குதடா," என்றார், என்னைப் பாராமல்.

அதற்குப் பிறகு மூன்று குளிர்காலம் போய்விட்டது. பனிக்காலத்தில் தேனீ பறக்காது என்று தெரிந்தும், ஒவ்வொரு முறையும் ஊதிவிட்டுத்தான் குடிக்கிறேன். அப்பாவுக்கு மாதம் ஒரு கடிதம் எழுதுகிறேன்: பனி, வேலை, சிவம் அண்ணை, ஜென்ஸ். இந்த ஊதலையும் குடியையும் மட்டும் இன்னும் எழுதவில்லை. அவர் கடிதத்தை வாங்கியதும் முதலில் முகர்ந்துதான் பார்ப்பார்.