அப்பாவும் பென்சிலில் எழுதிய அண்ணியும்

எழுபத்தெட்டு வருடம் எங்களோடு விட்டுவைத்த அப்பாவை ஆண்டவர் திரும்ப அழைத்துக்கொண்டு இன்றோடு ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேர் வீட்டு ஆல்பத்தை அப்பா ஒருமுறையாவது இரவல் வாங்கியிருப்பார். மீதிப் பேர் கொடுக்க மறுத்திருப்பீர்கள். இரு சாராருக்கும் குடும்பத்தின் சார்பில் வணக்கம்.

அப்பாவின் சபைப் பணிகளையும் நற்குணங்களையும் பற்றித் தம்பி தனியே எழுதியிருக்கிறான். எனக்கு ஒதுக்கப்பட்டது போட்டோ விவகாரம். சுருக்கமாக எழுது என்று சொல்லியிருக்கிறார்கள். முயல்கிறேன்.

அப்பா பிறந்தது செகந்திராபாத் லாலாகூடா ரயில்வே குவார்ட்டர்ஸில். ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த தாத்தாவோடு அவருடைய தம்பிகள் நான்கு பேரும் வந்து, அந்த இரண்டு அறை வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். அப்பாவுக்கு இரண்டு வயது நடக்கும்போது அவரைப் பெற்ற தாய் காய்ச்சலில் இறந்துபோனார். அடுத்த வருடமே தாத்தா மறுமணம் செய்துகொண்டார். வந்தவர் நல்லவர், அப்பாவை ஒரு குறையுமில்லாமல் வளர்த்தார். ஆனால் போனவரைப் பற்றி அந்த வீட்டில் அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. அப்பாவுக்கு ஏழு வயது மூத்தவரான பெரியப்பாவிடம் கேட்டால், அவர் எழுந்து வெளியே போய்விடுவார். ஆக, அப்பாவுக்குத் தம் தாயின் முகம் தெரியாது. ஒரு போட்டோ கூட இல்லை.

பிறகு படிப்பு, பஞ்சம், திருமணம், நாங்கள். ஜீடிமெட்லாவில் ஒரு மருந்து கம்பெனியில் லேபிள் பிரிவில் அப்பா முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தார். லேபிளில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் பாட்டிலுக்குள் இருக்கிறது என்று கையெழுத்துப் போடுவது அவருடைய பொறுப்பு. அந்தப் பொறுப்பை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். ‘ரவை’ என்று எழுதிய டப்பாவில் அம்மா ஒருமுறை சர்க்கரையைப் போட்டு வைத்ததற்கு இரண்டு நாள் பேசவில்லை. சொல்ல வருவது இதுதான்: எழுத்தில் ஒன்று இருந்துவிட்டால் அப்பா அதை நம்புவார்.

அவர் ஓய்வு பெற்றுப் பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்துப் பெரியப்பா காலமானார். பெரியப்பாவின் மகள் ஒரு பழைய பிஸ்கட் டின்னை அப்பாவிடம் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே பள்ளிக்கூட நோட்டு ஒன்று, இரண்டு மெடல், ஒரு போட்டோ. ஸ்டுடியோவில் எடுத்தது. பின்னால் திரையில் படிக்கட்டும் அன்னப்பறவையும் வரைந்திருக்க, உயரமான ஸ்டூலில் கையை ஊன்றிக்கொண்டு ஒரு இளம்பெண் நிற்கிறார். பின்பக்கத்தில் பென்சிலால், பிள்ளைக் கையெழுத்தில், ‘அண்ணி’. நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, அது பெரியப்பாவின் சின்ன வயதுக் கையெழுத்துதான் என்று அப்பா உறுதி செய்தார். வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

“எழுதினது அண்ணன். எழுதியிருக்கிறது அண்ணின்னு. அப்போ அண்ணனுக்கு ஒரு அண்ணன் இருந்தாகணும்” என்றார்.

“உங்க வீட்ல மூத்தவரே அவர்தானே, அவருக்கு மூத்தவர் எங்கேர்ந்து வருவார்?” என்றார் அம்மா.

“நமக்குத் தெரியாத ஒரு கிளை இருக்கு.”

அந்த வாரமே அப்பா வரைந்துவந்த வம்சாவளி வரைபடத்தில் ஒரு புதிய கட்டம் முளைத்தது. ‘பெயர் தெரியாத அண்ணன்.’ ஆறு மாதத்தில் அவருக்கு ஒரு வாழ்க்கையும் அமைந்துவிட்டது. பட்டாளத்தில் சேர்ந்தார், வடக்கே எங்கோ குடியேறினார், குறைந்தது மூன்று பிள்ளைகள். எங்கள் குடும்ப ஜெபத்தில் “பெயர் தெரியாத அண்ணனின் சந்ததியாருக்காகவும்” என்று ஒரு வரி சேர்ந்தது. அதற்கு நாங்கள் எல்லோரும் ஆமென் சொல்லியிருக்கிறோம்.

சிரிக்கலாம். ஆனால் அப்பா எதற்காக அலைந்தார் என்பதை அம்மாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார். “அந்த அண்ணி எங்க வீட்ல பழகினவங்க. அவங்க பிள்ளைங்களைக் கண்டுபிடிச்சா, அவங்ககிட்ட எங்கம்மா போட்டோ ஒண்ணாவது இருக்கும்.”

ஆறு வருடம் தேடினார். செகந்திராபாத்தில் பழைய தமிழ்க் குடும்பங்களில் சாவு என்றால் அப்பா முதல் ஆளாகப் போய் நிற்பார். துக்கம் விசாரிப்பார், உண்மையாகவே வருந்துவார், அதே மூச்சில், “பழைய ஆல்பம் எந்த பீரோல இருக்கும்மா?” என்பார். பக்கத்தில் நிற்கும் அம்மா கிள்ளிக் கிள்ளி அவர் இடது கை சிவந்துபோயிருக்கும். ஆல்பத்தில் அவர் முகங்களைப் பார்ப்பதில்லை. திரையைப் பார்ப்பார். அதே அன்னப்பறவை இருந்தால் அதே ஸ்டுடியோ, அதே ஸ்டுடியோ என்றால் அதே குவார்ட்டர்ஸ் ஆட்கள் என்பது அவர் கணக்கு.

என் மகள் அப்போது அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அந்தப் போட்டோவில் இருந்தவரின் தலைமுடியைக் கையால் மறைத்துவிட்டு, “தாத்தா, யே தோ பில்குல் ஆப் ஹி ஹை! மூக்கு பாருங்க, அச்சு நீங்கதான்” என்றாள்.

“நக்கோ பேட்டா, அப்படி ஆராயக் கூடாது. அண்ணின்னா வேற வீட்ல பொறந்து நம்ம வீட்டுக்கு வந்தவங்க. அவங்க மூக்கு எனக்கு எப்படி வரும்?” என்றார் அப்பா. வரைபடத்தின் ஓரத்தில், ‘முகஜாடை தற்செயலானது’ என்று எழுதித் தேதியும் போட்டார்.

கடைசியில் அன்னப்பறவை ஒரு துக்க வீட்டு ஆல்பத்தில் அகப்பட்டது. அதன் முன் நின்ற சிறுமி உயிரோடிருக்கிறார், எண்பத்தாறு வயதில் நாச்சாரத்தில் மகன் வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்தது. குவார்ட்டர்ஸில் தாத்தாவுக்கு அடுத்த வீடு அவர்களுடையது. பெயர் ரோஸ்லின். நான்தான் அப்பாவைக் காரில் கூட்டிப்போனேன்.

ரோஸ்லின் ஆன்ட்டி போட்டோவைக் கண்ணருகே கொண்டுபோனார். உடனே, “ஹவ், ஆமா, நம்ம அண்ணி!” என்றார்.

அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். “தெரியுமாக்கா? அவங்க வீட்டுக்காரர் பேரு என்ன?”

ஆன்ட்டி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “கைக்கு, எதுக்கு இப்படிக் கேக்கறே? உங்கப்பா பேரு உனக்குத் தெரியாதா?”

“எங்கப்பா பேரு தெரியும்க்கா. நான் கேக்கறது அண்ணியோட வீட்டுக்காரர் பேரு.”

“அதைத்தான்டா நானும் சொல்றேன்!”

அப்பாவுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. ஆன்ட்டியே தொடர்ந்தார். “நாலு கொழுந்தனுங்க. அண்ணி சோறு, அண்ணி சட்டை, அண்ணி சாவின்னு நாள் பூரா அதே சத்தம். அதைக் கேட்டுக் கேட்டு உங்கண்ணனும் பெத்தவளை அண்ணின்னே கூப்பிட்டான். அம்மான்னு சொல்லுடான்னு பாவம் மிட்டாய் எல்லாம் குடுத்துப் பாத்தாங்க. மிட்டாயைத் தின்னுட்டு, இன்னொண்ணு குடுங்க அண்ணின்னான். நீயும் அப்படித்தான். உனக்கு மொதல்ல வந்த பேச்சே அதான்.”

“அப்போ எங்கப்பாவை நாங்க அப்பான்னுதானே...”

“அவரை அந்தத் தம்பிங்க எதிர்ல நின்னு அண்ணான்னு கூப்பிட்டாத்தானே! பயம். அவர் மட்டும் அப்பாவா தப்பிச்சார்.”

அப்பா தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு மெதுவாக, “அப்போ அந்த அண்ணன்?” என்றார்.

“எந்த அண்ணன்?” என்றார் ஆன்ட்டி.

திரும்பும் வழியில் அப்பா போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அவர் அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை. யாரைத் தேடினாரோ அவரையே ஆறு வருடம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக அலைந்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் தம்பி பேனாவை நீட்டி, “லேபிள் தப்புப்பா, திருத்திடலாமா?” என்று கேட்டான். “தப்பில்லடா. அதான் அவங்க பேரு” என்று சொல்லிவிட்டார். பெயர் தெரியாத அண்ணனை மட்டும் வரைபடத்திலிருந்து அழித்தார். அம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். இத்தனை வருடம் ஜெபித்திருக்கிறோமே என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அப்பா நிம்மதியாக இருந்தார். இப்போது நன்றி சொல்ல வேண்டியவர்கள்: ரோஸ்லின் ஆன்ட்டிக்கும் அவர் மகனுக்கும், அடக்க ஆராதனையை நடத்தித் தந்த போதகர் ஐயருக்கும், மூன்று நாள் சாப்பாடு அனுப்பிய பக்கத்து வீட்டாருக்கும், ஆல்பம் கொடுத்த எல்லோருக்கும். இன்னும் நான்கு ஆல்பங்கள் எங்களிடம் இருக்கின்றன. உரியவர்கள் அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளலாம்.

கடைசியாக, அப்பாவைப் பார்த்துக்கொண்ட வார்டு சிஸ்டருக்கு. தெலுங்குப் பெண், தமிழ் தெரியாது. கடைசி இரண்டு நாள் அப்பாவுக்கு நாக்கு குழறியது. ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். சிஸ்டர் கவலையோடு வெளியே வந்து என்னிடம் கேட்டார். “அன்னீ, அன்னீ என்கிறார், மேடம். எல்லாம், எல்லாம் என்றால் நான் எதைக் கொண்டுவந்து கொடுப்பது? அவருக்கு என்னதான் வேண்டுமாம்?”

தெலுங்கில் ‘அன்னீ’ என்றால் ‘எல்லாம்’. அந்தப் பெண் மேல் தவறில்லை.

“அவங்க அம்மா வேணுமாம், சிஸ்டர்” என்றேன்.