தமிழில் திட்டு வாங்கிய நாள்

நான் ராஞ்சிப் பக்கத்துக்காரி. பெங்களூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தபோது, கூட வேலை பார்த்த நாகப்பட்டினத்துக்காரரைக் கட்டிக்கொண்டு இந்தக் கடைமடைக் கிராமத்துக்கு வந்தேன். காவிரித் தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டுக் கடைசியாக எட்டிப் பார்க்கும் ஊர். ஆறே மாதத்தில் அவர் குவைத்துக்குப் போய்விட்டார். வீட்டில் நானும் மாமனாரும் மட்டும்.

மாமனார் தங்கமான மனிதர். தமிழில் ஒரு வார்த்தைக்கு நான் தடுமாறினால் போதும், "கஷ்டப்படாதம்மா" என்று ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், அதுவரை கலகலவென்று பேசிக்கொண்டிருந்த பெண்கள் என்னைக் கண்டதும் "சாப்டீங்களா சிஸ்டர்?" என்பார்கள். பிறகு சிரித்த முகமாக நிற்பார்கள். ஒரு வருஷமாக இந்த ஊருக்கு என்னிடம் கேட்க இருந்தது அந்த ஒரு கேள்விதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மரியாதை மரியாதை என்றே என்னை வாசலோடு நிறுத்தி வைத்திருந்தார்கள்.

எங்கள் வயலுக்கு நடவுக்கு வந்த பெண்களிடம் அந்த மரியாதையெல்லாம் கிடையாது. டீ கொண்டுபோன முதல் நாளே, நான் பேசியதைக் கேட்டு வரப்பில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டேன். எங்கள் ஊரிலும் நெல்தான். நாற்றுப் பிடித்துப் பழகிய கை. கை அவர்களுக்கு ஈடு கொடுத்தது, வாய்தான் கொடுக்கவில்லை.

"குனிஞ்சு நட்டுக்கிட்டே பேசும்மா, ஒம் மூஞ்சிய யாரு பாக்கப் போறா?" என்றாள் ஒருத்தி.

அது உண்மைதான். எல்லோரும் சேற்றைப் பார்த்துக் குனிந்திருக்கும்போது தப்பும் தவறுமாகப் பேசுவது எத்தனை சுகம்! நடவு முடியும்வரை தினமும் போனேன், பிறகு களையெடுப்புக்கும் போனேன். அவர்கள் கிண்டல் செய்தார்கள், நான் திருப்பிக் கொடுக்கப் பழகினேன். தமிழில் எனக்கு முதலில் சரளமாக வந்தது ஏச்சுதான்.

அடுத்த வருஷம் மாமனார் வழுக்கி விழுந்து காலில் கட்டோடு படுத்துவிட்டார். அன்று வாய்க்கால் தண்ணீர் எங்கள் வயலுக்கு வரவேண்டிய முறை. போய்ப் பார்த்தால் வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது. எங்களுக்கு மேலே உள்ள வயல்காரர் மண்ணை வெட்டிப் போட்டு அடைத்திருந்தார். நாற்றங்கால் வெடிப்பு விட்டு, நாற்று மஞ்சளாகப் பழுக்கத் தொடங்கியிருந்தது. அது போனால் அந்த வருஷ சம்பாவே போச்சு.

"நான் போன்ல பேசிக்கிறேம்மா, நீ போகாத" என்றார், நான் வந்து சொன்னதைக் கேட்ட மாமனார். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அடைப்புப் பக்கத்திலேயே நின்ற வயல்காரர் என்னைக் கண்டதும் தலைத்துண்டை அவிழ்த்தார். "வாங்க சிஸ்டர், சாப்டீங்களா?"

"சாப்பாடு கெடக்கட்டும். எங்க மொறத் தண்ணிய அடைச்சு வச்சிக்கிட்டு என்னத்தச் சாப்புடச் சொல்றீங்க? நாத்து கருகுறது கண்ணுக்குத் தெரியலையா? மண்ண நீங்க எடுக்குறீங்களா, நான் எடுக்கட்டுமா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு மெதுவாக, "சிஸ்டர், ஒன் மினிட், டுமாரோ..." என்று ஆரம்பித்தார்.

"தமிழ்ல சொல்லுங்க!"

அவ்வளவுதான், மனிதர் வெடித்துவிட்டார். "ஊருக்கு வந்து ரெண்டு வருசம் ஆகல, எனக்கு மொற சொல்ல வந்துட்டியா? போன வருசம் ஒன் மாமனாரு அடைக்கல?"

"அத அவருகிட்ட கேளுங்க. இன்னிக்கு மொற எங்களுது!"

சொல்லிக்கொண்டே அடைப்பை வெட்டினேன். அவர் தடுக்கவில்லை, ஆனால் வாய் ஓயவில்லை. தண்ணீர் சலசலவென்று எங்கள் பக்கம் திரும்பியது. அதனோடு கூடவே நான் நடந்தேன். அவர் பின்னாலிருந்து திட்டிக்கொண்டே இருந்தார். அவர் திட்டத் திட்ட எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. ஒரு வார்த்தையைக்கூட அவர் எனக்காக மெதுவாகச் சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியாமல் போகவில்லை.

நாற்று தப்பியது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் பெண்கள் கூட்டம். பேச்சு நிற்கவில்லை. ஒரு அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஏண்டி, வாய்க்கால்ல அந்தாள அந்தக் கிழி கிழிச்சியாமே? ஒக்காரு. மொதல்லேர்ந்து சொல்லு."

நகர்ந்து இடம் விட்டார்கள். உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னேன்.