சொல்லாத செபத்துக்குக் கிடைத்த கைத்தட்டல்

இதை எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன். எழுது, ஆனால் உன்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ளாதே என்றாள். நடந்ததை நடந்தபடி எழுதினால் அதற்கு வழியே இல்லை.

அக்கா என் உடன்பிறந்தவள் அல்ல. பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் பார்டர் டிசைன் போடும் இடத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலி. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். அப்போது அவளுக்கு ஐந்தாவது மாதம். அதற்கு முன் இரண்டு தங்கவில்லை. இரண்டாவது குழந்தைக்கு இதயம் சரியாக உருவாகவில்லை என்பது இதே ஐந்தாம் மாத ஸ்கேனில்தான் தெரிந்தது. வேலை செய்யும் இடத்தில் இது என் ஒருத்திக்குத்தான் தெரியும். சாப்பாட்டு நேரத்தில், யாருக்கும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டுதான் சொன்னாள்.

அந்த வாரம் எங்கள் மாதா கோயில் பங்கின் இளையோர் கூட்டத்தில் உதவிப் பங்குத்தந்தை ஒரு வேலை கொடுத்திருந்தார். விசுவாசத்தைப் பகிர மேடையும் மைக்கும் வேண்டாம். வேலை செய்யும் இடத்தில் ஒருவரிடம் உங்களுக்காகச் செபிக்கிறேன் என்று சொல்லுங்கள், சொன்னபடி செபியுங்கள் என்றார். முதல் பாதியை நான் மறுநாளே முடித்துவிட்டேன். அக்காவின் கையைப் பிடித்துச் சொன்னேன், அவள் கண் கலங்கியது. அடுத்த கூட்டத்தில் எழுந்து, பெயரை மட்டும் விட்டுவிட்டு, தங்காமல் போன இரண்டு குழந்தைகளின் கதையையும் சேர்த்து விவரித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. செபம் மட்டும் நடக்கவே இல்லை. வீட்டுக்குப் போனால் போன், போனை வைத்தால் தூக்கம்.

ஸ்கேன் எடுக்கும் நாளில் அவள் கணவருக்கு வாலாஜாபாத் அரிசி மில்லில் லீவு கொடுக்கவில்லை. துணைக்கு நீ வா என்றாள். என் ஸ்கூட்டியில், ஒவ்வொரு வேகத்தடையிலும் கிட்டத்தட்ட நிறுத்தி நிறுத்தித்தான் ஓட்டினேன். உள்ளே போனவள் பத்தே நிமிடத்தில் வெளியே வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. குழந்தை முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறதாம், இதயம் தெரியவில்லையாம். இனிப்பாக ஏதாவது குடித்துவிட்டு அரை மணி நேரம் நடந்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். போன முறையும் முதலில் இதைத்தான் சொன்னார்கள் என்றாள்.

மாம்பழ ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன். பாதியோடு வைத்துவிட்டாள். ஸ்கேன் சென்டருக்குப் பக்கத்துக் கோயிலுக்கு வேனில் வந்து இறங்கிய கூட்டத்துக்கு நடுவே, அவளை யாரும் இடித்துவிடாமல் பார்த்துக்கொண்டு நடந்தேன். அவள் மெதுவாகப் பேசினாள்.

“நீ தெனம் வேண்டிக்கினு இருக்கியே, அந்த ஒரு தைரியத்துலதாம்மா ராத்திரி கண்ண மூடறேன். என்னான்னு வேண்டிக்கினே? சொல்லு, கேக்கறேன்.”

ஏதாவது புளுகியிருக்கலாம். இந்த நேரத்தில் அவளை நிம்மதியாக விடுவதுதான் புண்ணியம் என்று மனசு வேறு எனக்காக வாதாடியது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு செபத்தை ஜோடிக்க என்னால் முடியவில்லை.

“ஒரு நாள் கூட வேண்டிக்கலக்கா” என்றேன். சொல்ல ஆரம்பித்த பிறகு, கூட்டத்தில் பேசியது, கைதட்டியது எல்லாம் வந்துவிட்டது.

மூடியிருந்த ஒரு ஜெராக்ஸ் கடையின் முன்னால் நின்றுவிட்டாள்.

“எனக்குத் தங்காம போனத சொல்லியா கைத்தட்டு வாங்கினே?”

குரலை உயர்த்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கூனிக் குறுகி நின்றேன். வீட்டுக்குப் போ என்று சொல்லிவிடுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவள் போனில் மணி பார்த்தாள். இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது.

“இப்ப வேண்டிக்கோ. எனக்குக் கேக்கணும்.”

மற்ற சபைகளுக்குப் போகும் என் தோழிகள் கண்ணை மூடினால் மடை திறந்த மாதிரி சொந்த வார்த்தையில் செபிப்பார்கள். எங்களுக்குச் செபமாலைதான் பழக்கம். மனப்பாடமாக இருப்பதைத்தான் சொல்லத் தெரியும். பூக்காரம்மா ஒருத்தி வேடிக்கை பார்க்க, நடைபாதையில் நின்று மாதாவை வாழ்த்தும் செபத்தைத் தொடங்கினேன். அதில் மரியாளின் வயிற்றில் இருக்கும் குழந்தையைச் சொல்லும் ஓர் இடம் வரும். சின்ன வயதிலிருந்து ஆயிரம் முறை வேகமாகக் கடந்துபோன இடம். அங்கே வந்ததும் அக்காவின் வயிற்றைப் பார்த்தேன்.

அத இன்னொரு வாட்டி சொல்லு என்றாள் அக்கா. சொன்னேன். அதற்குப் பிறகு எனக்கென்று வார்த்தை வந்தது. ஆண்டவரே, இந்தக் குழந்தையின் இதயம், இந்தக் குழந்தையின் இதயம் என்று அதையேதான் திருப்பித் திருப்பிச் சொன்னேன். அந்தக் குழந்தையை நினைத்து நான் பயந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. அதுவரை அக்காவின் பயம் எனக்கு வெறும் கதைதான்.

மறுபடி உள்ளே போனாள். கதவைச் சாத்தினார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள், நான் உதட்டை நிறுத்தவில்லை. இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. யாராவது கதவைத் திறந்தால் நிறுத்திவிடலாம் என்று ஏங்கினேன், திறந்துவிடுவார்களோ என்றும் பயந்தேன்.

அக்கா வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நாலு அறையும் சரியா இருக்குதாம்.”

துப்பட்டாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அவள் கையைப் பிடிக்கப் போனேன், அவள் இழுத்துக்கொண்டாள்.

படி இறங்கும்போது, இத உங்க கூட்டத்துல சொல்லாத என்றாள். சொல்ல மாட்டேன்கா என்றேன். ஸ்கூட்டியில் ஏறி உட்கார்ந்து, கொஞ்சம் தயங்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னும் நாலு மாசம் இருக்குது. தெனம் கேப்பேன்.”