அப்பா பாருக்கு வந்த மதியம்

அந்த மே மாதம் முழுக்க என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. இரண்டாயிரங்களின் தொடக்கம். மாமல்லபுரத்தில் கடலோர விடுதி ஒன்றின் பாரில் எனக்கு வேலை. வெளிநாட்டு உல்லாசக் கப்பல் ஒன்றில் பார் வேலைக்காகச் சென்னையில் ஓர் ஏஜென்சியில் எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். எங்கள் வீட்டில் போன் இல்லாததால் பக்கத்து வீட்டு எண்ணைக் கொடுத்திருந்தேன். வார விடுமுறையில் செங்கல்பட்டுக்குப் போனால் செருப்பைக் கழற்றும் முன்பே அவர்கள் வாசலில் நின்று, போன் வந்ததா என்று கேட்பேன். இல்லை என்பார்கள். அடுத்த வாரம் மறுபடி போய் நிற்பேன்.

அக்னி நட்சத்திரத்தில் பாருக்கு யாரும் வருவதில்லை. துடைத்த கிளாஸையே திரும்பத் துடைப்பேன். தூரத்தில் கப்பல் ஏதாவது தெரிந்தால் காரணமில்லாமல் எரிச்சல் வரும்.

அந்த நாட்களில் தவறாமல் வந்தவர் ஒரு ஜெர்மன் பெண்மணி மட்டும்தான். ஊருக்குள் ஒரு பட்டறையில் சிற்பம் கற்றுக்கொண்டிருந்தார். புருவமெல்லாம் கல்தூசியாக வந்து உட்காருவார். பீர் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. இனிப்பும் கூடாது, ஆனால் ஜில்லென்று இருக்க வேண்டும் என்பார். அலமாரியின் பின்வரிசையில் டெக்கீலா கிடந்தது. டெக்கீலாவில் வழக்கமாகக் கலக்கும் மார்கரிட்டா போடலாம் என்றால் அதற்கு வேண்டிய ஆரஞ்சு மது தீர்ந்துபோயிருந்தது. கையில் இருந்ததை வைத்து நானே ஒன்று பண்ணினேன். உயரமான கிளாஸ் நிறைய ஐஸ், ஒரு லார்ஜ் டெக்கீலா, ஒரு எலுமிச்சையின் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. மேலே சோடா. கடைசியாக, ஈ.சி.ஆர். சாலை ஓரத்தில் வாங்கிய இளநுங்கைத் தோல் உரித்து, நறுக்கி, அதன் நீரோடு போட்டேன். கிளாஸின் விளிம்பில், கடற்கரையில் மாங்காய்க்குத் தடவுவார்களே, அந்த உப்பு மிளகாய்த்தூள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் அதுதான்.

ஒரு நாள் மதியம் கேட்டிலிருந்து செக்யூரிட்டி கூப்பிட்டு, உங்க அப்பா வந்திருக்கார் என்றான். கிளாஸை வைத்துவிட்டு ஓடினேன். அப்பா மறைமலைநகரில் ஒரு பாக்டரியில் வேலை பார்த்தார். லேசில் லீவு போடமாட்டார்.

"இன்னாப்பா, அம்மாவுக்கு எதுனா..."

"அம்மா நல்லாத்தான் கீது. சும்மா வந்தேன்."

கூட்டம் இல்லையே, உள்ளேயே உட்காரட்டும் என்றார் பாரில் எங்களை மேற்பார்க்கும் கேப்டன். அப்பா உயரமான ஸ்டூலில் ஏறி, ரெக்சின் பையை மடியில் வைத்துக்கொண்டார். அலமாரி பாட்டில்களை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு முறை பார்த்தார். பிறகு முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய வலது கால் ஆடிக்கொண்டே இருந்தது.

நான் ஒன்பதாவது படிக்கும்வரை அப்பா குடித்தார். சம்பள நாளில் கம்பெனி பஸ்ஸிலிருந்து, வழியில் சிங்கப்பெருமாள் கோயில் ஊரிலேயே குடிக்க இறங்கிவிடுவார். அம்மாவும் நானும் போய்த் தேடிக் கூட்டிவந்த நாட்கள் உண்டு. பிறகு ஒரு நாள் விட்டுவிட்டார். ஏன் விட்டார் என்று வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. நான் பாரில் சேர்ந்தபோது அம்மா சில நாள் என்னோடு பேசவில்லை. அப்பா, "சோறு போடுவானுங்களா?" என்று மட்டும் கேட்டார். இந்தப் பக்கம் அதுவரை வந்ததே இல்லை.

அந்த நேரம் பார்த்து ஜெர்மன் அம்மாள் வந்துவிட்டார். அப்பாவுக்கு எதிரில் பாட்டிலைத் திறக்க வேண்டியதாயிற்று. மூடியைத் திருகியதும் அந்த வாடை எழுந்தது. அப்பா திரும்பி என் கையைப் பார்க்க ஆரம்பித்தார்.

"இது இன்னா சரக்கு?"

"டெக்கீலாப்பா. மெக்சிகோவுல கத்தாழை மாதிரி ஒரு செடிலேர்ந்து எடுக்கறாங்க."

"கத்தாழையா. கசக்காது?"

"அதுக்குத்தான் எலுமிச்சை, உப்பு எல்லாம்."

அந்த அம்மாள் கிளாஸை எடுத்துக்கொண்டு நிழலுக்குப் போனார். அப்பாவின் பார்வை அந்தக் கிளாஸின் பின்னாலேயே போனது.

"எனக்கு ஒண்ணு போடு."

என் கை அப்படியே நின்றுவிட்டது.

"சரக்கு இல்லாம," என்றார்.

போட்டுக் கொடுத்தேன். அவர் தொடவில்லை.

"நீ ஒரு வாய் குடிச்சிப் பாரு மொதல்ல."

"நான் உனக்கு ஊத்திக் குடுப்பனாப்பா?"

"நீ ஊத்த மாட்ட. ஆனா கலக்கின கரண்டி அதேதான? ஒரு சொட்டு ஒட்டிகினு இருந்தா? எனக்கு அந்த ஒரு சொட்டு வேணாம்."

அதைக் கொட்டினேன். வேறு கிளாஸ், வேறு கரண்டி எடுத்து, கத்தியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவி, புது எலுமிச்சை அறுத்தேன். என் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றிக் குடித்துக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் வாங்கினார். ஒரே மூச்சில் பாதி குடித்தார். நுங்கை மென்றுகொண்டே சொன்னார்:

"நேத்து போன் வந்துச்சு. திங்கக்கெழம வரச் சொல்லிகிறாங்க. கப்பல்காரங்க."

"நேத்தேவா? இங்க ஒரு போன் பண்ணக் கூடாதாப்பா?"

"பண்ணிருக்கலாம். நீ இன்னா வேல செய்றன்னு ஒரு வாட்டி பாத்துடலாம்னு வந்தேன். கப்பலுக்குப் போய்ட்டா எங்க வந்து பாக்கறது?"

காய்ந்த மேடையைத் துடைத்தேன். அவர் மீதியைக் குடித்துவிட்டு இறங்கினார்.

"இருப்பா, சாப்ட்டுப் போ."

"இல்ல, கெளம்பறேன். இங்க ரொம்ப நேரம் குந்த முடியாது என்னால."

பஸ் நிலையம்வரை கூடப் போனேன். அந்த வெயிலிலும் வேகமாக நடந்தார். திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போகும் பஸ் நின்றிருந்தது. உட்கார இடம் இருந்தும் அவர் படிக்கட்டுப் பக்கமே நின்றார்.

"தெனம் அதுக்கு மத்தியிலயே நிக்கற. ஒனக்குத் தோணாதா?"

"தோணாதுப்பா."

நான் சொன்னது உண்மைதானா என்று பார்ப்பது போல என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனபோது அம்மா சொன்னாள்: "ஒங்கப்பா ஒரே பேச்சு. கைய காலச் சும்மா வெச்சுக்க மாட்டேங்கறான், ஆனா ஒரு சொட்டு சிந்தாம ஊத்தறான்னு." அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் திங்கட்கிழமைக்கான வெள்ளைச் சட்டையை அதற்குள் இஸ்திரி போட்டு வைத்திருந்தாள்.

சென்னையில், வெயிலுக்கு ஏற்ற மாதிரி ஏதாவது ஒன்று போடு என்றார்கள். டெக்கீலா கேட்டேன். நுங்கு கிடைக்கவில்லை. எலுமிச்சை, உப்பு, சோடாவோடு முடித்துக்கொண்டேன். தேர்வு செய்ய வந்தவர் பாதி குடித்து ஓரமாக வைத்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டார். நன்றாக இருந்ததா என்று தெரியாமலே திரும்பி வந்தேன். எடுத்துக்கொண்டோம் என்ற தகவல் வர ஜூலை ஆகிவிட்டது.

மழைக்காலம் தொடங்குவதற்குள் கிளம்பினேன். விமான நிலையத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, அப்பா செங்கல்பட்டு ஸ்டேஷன்வரை வந்தார். மின்சார ரயிலில் எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அது கிளம்பும்வரை பிளாட்பாரத்தில் அவர் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தார்.